டிஸ்பாட்ச் வாசலின் காது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையில் சேர்ந்த முதல் மாதமே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில், மெயின்டனன்ஸ் பிரிவில், டிரெய்னியாக இருந்தேன். இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில். கோவில்பட்டிப் பக்கம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வந்து, படப்பையில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு அறை எடுத்துத் தங்கி, காலையில் பாதி ஈரத் தலையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன். மெயின்டனன்ஸில் நான் ஒருத்திதான் பெண். பல்பு மாட்ட ஒரு பொண்ணை எடுத்திருக்காங்க என்று முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை, நான் சிரிக்க விடவில்லை.

சீட்டுக்குள் இருக்கும் இரும்புச் சட்டங்களை வேறொரு கம்பெனி செய்து, சக்கரம் வைத்த பெரிய இரும்பு டிராலிகளில் அனுப்பும். சட்டத்தை எடுத்துக்கொண்டு காலி டிராலியை நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை டிராலி திரும்பிப் போனது என்று வாசல் செக்யூரிட்டி ஒரு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டை ஒழித்துவிட்டு, ஒவ்வொரு டிராலியிலும் அதன் எண் பதிந்த சின்ன ரேடியோ வில்லை ஒன்றை, டேக் என்பார்கள், ஒட்டினார்கள். சரக்கு வெளியே போகும் டிஸ்பாட்ச் வாசலின் இரண்டு தூணிலும் ஆன்டெனா மாட்டி, அதை ரீடர் என்ற பெட்டியோடு இணைத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் டிராலியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி லாரிக்குப் போகும்போது, ரீடர் டேக்கின் எண்ணைப் படித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். அதாவது, சொல்ல வேண்டும்.

சொன்னால்தானே. பத்து டிராலி போனால் ஆறோ ஏழோதான் பதிவாகும். அதை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார். லேப்டாப்பைத் திறப்பார், ரீடரின் பவரை ஏற்றுவார், காபி குடிப்பார், போய்விடுவார். மறுநாள் பழைய குருடி கதைதான். அடுத்த வாரம் வந்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். அவர் பவரை ஏற்ற ஏற்ற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை. இந்த டேக்குக்குள் பாட்டரி கிடையாது. அதற்குத் தானாகப் பேசத் தெரியாது. ரீடர் அனுப்பும் அலை டேக்கின்மேல் பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். அப்படித் திரும்புவதை டேக் விட்டு விட்டுக் கூட்டிக் குறைக்கும். அவ்வளவுதான் அதன் பேச்சு. நீங்கள் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், தூரத்தில் ஒருத்தர் கைக்கண்ணாடியை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை அணைக்கவும் முடியாது, அணைத்தால் சைகையும் போய்விடும். உங்கள் டார்ச் வெளிச்சமே உங்கள் கண்ணில் அடித்தால் அந்தச் சின்னப் பளிச்சு எப்படித் தெரியும்? பவரை ஏற்றினால் கண்ணாடிக்கு மட்டுமா வெளிச்சம் கூடும், உங்கள் கண்ணும் சேர்ந்துதான் கூசும்.

ஒருநாள் அவர் பவரை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பிளான்ட் மேனேஜரும் நின்றுகொண்டிருந்தார். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "சார், இதுக்கு வாய் பத்தாம இல்ல. காதுதான் மந்தம்" என்று சொல்லிவிட்டேன். சென்னைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. மேனேஜர் மட்டும் என் பக்கம் திரும்பினார். இரண்டு வாரம் தருகிறேன், காதைச் சரிசெய் பார்ப்போம் என்றார்.

இரண்டு வாரம் போதும் என்று எனக்குத் தெரியும். ரீடர் பெட்டியை ஏசி அறையில் பத்திரமாக வைத்துவிட்டு, வாசல் வரைக்கும் மெல்லிசான கேபிளை இழுத்திருந்தார்கள். ஏற்கனவே தேய்ந்து தேய்ந்து வரும் பதிலில் பாதியை அந்தக் கேபிளே தின்றுவிடும். பெட்டியைத் தூக்கித் தூண் உச்சியிலேயே மாட்டி, கெட்டியான கேபிளை முழ நீளத்துக்கு மட்டும் போட்டேன். கனெக்டரைத் திறந்தால் மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துக் கிடந்தது, மாற்றினேன். ஒவ்வொரு தூணிலும் அனுப்புவதற்கும் கேட்பதற்கும் ஒரே ஆன்டெனாவாக இருந்ததைப் பிரித்து, ஒன்று அனுப்ப, ஒன்று கேட்க என்று தள்ளித் தள்ளி வைத்தேன். கத்துகிற வாய் கேட்கிற காதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் விளங்குமா? டேக்கை இரும்பின்மேல் அப்பிவிட்டிருந்தார்கள். இரும்போடு ஒட்டினால் டேக் ஊமையாகிவிடும். சீட் லைனில் வெட்டி எறியும் ஸ்பாஞ்சுத் துண்டை விரல் தடிமனுக்கு நறுக்கி அடியில் கொடுத்து ஒட்டினேன். கடைசியாகப் பவரைக் குறைத்தேன். ஏற்றவில்லை, குறைத்தேன்.

சோதிப்பதற்கு எனக்குத் துணையாக இருந்தவர் ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். சேரப்பணஞ்சேரிக்காரர், நாற்பது வயது இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். டீ பிரேக்கில் மற்றவர்கள் டீ குடிக்கப் போனால், இவர் டம்ளரை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, எனக்காக டிராலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் போய்வருவார். உன் டப்பாவுக்குக் காது கேக்குதா, இல்ல நான் தமுக்கு அடிச்சிகினு போவட்டுமா என்று கிண்டல் செய்வார். அவர் வண்டியை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் சரிபார்த்தேன்.

இரண்டாம் வாரம் முடிவில் ஒரு டேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து பின்பக்கமாகவே நடந்தேன். கம்ப்யூட்டரில் எண் விழுகிற வரைக்கும் டிஸ்பாட்ச் கிளார்க் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் ஆறடி போனாலே கை இறங்கிவிடும். அன்றைக்கு வாசலைத் தாண்டி, லாரி நிற்கும் இடத்தைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன், அந்த மனிதர் கையை இறக்கவே இல்லை. கை வலிக்குது, வந்து தொலை என்று அங்கிருந்து சத்தம் போட்டார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கருவியில் குறை எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருஷக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவது உறுதி என்று மேனேஜரே சொன்னார்.

அதற்குப் பிறகு ஆயுத பூஜை வந்தது. பிளான்டையே கழுவி விட்டார்கள். பிரஸ் மெஷினிலிருந்து கன்வேயர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரியும் சுண்டலும் அண்டா அண்டாவாக வந்தன. ஃபோர்க்லிஃப்டுகளுக்குக் கலர் பேப்பரும் மாவிலையும் கட்டினார்கள். நம் அண்ணன் கிறிஸ்தவர். பூஜையில் நிற்க மாட்டார், ஓரமாக நின்று பொரி மட்டும் சாப்பிடுவார். ஆனால் தன் வண்டி மட்டும் மொட்டையாக நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கட்டும் ஜிகினாச் சரத்தை ஒரு பை நிறையக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளியும் சிவப்புமாகப் பளபளவென்று இருந்தது. தானே கட்டினால் சர்ச்சில் யாராவது ஏதாவது சொல்வார்களாம், என்னைக் கட்டச் சொன்னார். நான் ஏறி, முன்னால் நிற்கும் தூக்குக் கம்பமான மாஸ்ட்டின் இரண்டு பக்கமும், டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கூண்டைச் சுற்றியும் கட்டினேன். நூலில் கட்டினால் வண்டி ஆட்டத்துக்கு அறுந்துவிடும் என்று கட்டுக்கம்பி போட்டுப் பிளேயரால் முறுக்கினேன். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வேன் என்று அவரிடம் பெருமையும் பேசினேன்.

மற்ற வண்டிகளின் பேப்பர் நாலே நாளில் கிழிந்து, கூட்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஜிகினா அப்படியே இருந்தது. தங்கச்சி கட்டினது, கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கட்டும் என்றார் அண்ணன்.

மூன்று வாரம் கழித்து ஸ்டோர்ஸில் காலி டிராலிகளை எண்ணினார்கள். கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதாகச் சொன்னதில் பதினோரு டிராலி யார்டில் இல்லை. சட்டம் அனுப்பும் கம்பெனியைக் கேட்டால், எங்கள் டிராலி நாலு கம்பெனியில் சுற்றுகிறது, திருப்பி அனுப்பியிருந்தால் உங்கள் பதிவைக் காட்டுங்கள் என்றார்கள். பதிவு இல்லை. கிளறிப் பார்த்தார்கள். பதினொன்றும் அண்ணனின் ஷிஃப்டில் காலியாகி யார்டுக்கு வந்ததாகக் கணக்கில் இருந்தவை. அவர் காலை ஷிஃப்டில் இருந்த வாரம் காலையில் காணாமல் போயிருந்தது, மதிய ஷிஃப்டுக்கு மாறிய வாரம் மதியத்தில். மற்ற இரண்டு டிரைவர்களுக்கும் ஒன்றுகூடக் குறையவில்லை. போதாததற்கு, அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பழைய இரும்புக் கடை.

எனக்கு ஆள் அனுப்பினார்கள், ரீடரை மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். அதற்குள் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் வண்டியை ஷெட்டில் நிறுத்திச் சாவியை ஆபீஸில் வைத்துவிட்டார்கள். நான் டிராலிகளைக் கையால் தள்ளவைத்துப் பார்த்தேன், மற்ற வண்டிகளை வைத்துப் பார்த்தேன். ஒன்று தவறவில்லை. தவறாது, நான் செய்த வேலை அப்படி. குறை எதுவும் இல்லை என்று இரண்டாவது தடவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இல்லாத நாளிலிருந்து பதிவு சுத்தமாக இருக்கிறது என்று எச்.ஆர். அதிகாரி அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். எல்லாரும் படிக்கட்டும் என்று தமிழிலேயே. அவர் பெயர், டோக்கன் நம்பர், டிராலி திருட்டுச் சந்தேகத்தின் பேரில் சஸ்பென்ஷன், வெள்ளிக்கிழமை விசாரணை. கேன்டீனில் ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். புது வீட்டுக்கு டைல்ஸ் போட்டிருக்கார், எங்கேருந்து வந்துது என்றார் ஒருத்தர். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு வருஷம் கழித்துப் பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது. நானும் நம்பினேன். என் ரீடர் பொய் சொல்லாது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். ரீடர் பொய் சொல்லவில்லை என்றால் மனிதர் சொல்கிறார், வேறென்ன என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார். சவரம் செய்யாமல் முகம் கறுத்திருந்தது. வேலை போவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூடப் போக மாட்டேன் என்கிறாள் என்று மட்டும் சொன்னார். பிறகு கேட்டார்.

"நீயே எழுதினியா தங்கச்சி?"

"ரீடர்ல என்ன இருந்துச்சோ அதைத்தாண்ணே எழுதுனேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உன் மேல தப்பு இல்ல, மிசின் சொன்னத நீ எழுதிகீற என்று சொல்லிவிட்டு நடந்தார். என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் என் ரிப்போர்ட்டில் தப்பு இருக்கும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை, கெட்டுப்போன பிரின்டரைப் பார்க்க டிஸ்பாட்ச் கிளார்க்கிடம் போனேன். பின்பக்க வாசலில் சட்டங்கள் ஏற்றிய லாரி வந்திருந்தது. உள்ளே வரும் டிராலிகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்கோடு ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். ஒன்றை ஸ்கேன் செய்ததும் திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. அவர் பார்க்கக்கூட இல்லை, ஓகே பட்டனைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். அது என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஏற்கனவே உள்ளே இருக்கும் நம்பர் என்று அடிக்கடி இப்படித்தான் வரும், ஓகே கொடுத்தால் போய்விடும் என்றார்.

உள்ளே இருக்கும் டிராலி எப்படி வெளியிலிருந்து லாரியில் ஏறி வரும்? எழுந்து போய் அந்த டிராலியின் எண்ணைப் பார்த்தேன். காணாமல் போன பதினொன்றில் ஒன்று அது. இரும்புக் கடையில் வெட்டிப் போட்டதாக ஊரே சொன்ன டிராலி, முழுக்கச் சட்டங்களை அடுக்கிக்கொண்டு என் முன்னால் நின்றது. அப்படியென்றால் அது ஒழுங்காக லாரியேறிப் போயிருக்கிறது. போகும்போது என் வாசல் கேட்கவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். ஷெட்டில் நிற்கும் வண்டியின் சாவி வேண்டும் என்றேன். விசாரணை முடியும் வரை அதைத் தொடக் கூடாது என்று எச்.ஆர். அதிகாரி இழுத்தார். தொடாமல்தான் சார் நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். மேனேஜர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இன்னொரு டிரைவரை உட்காரவைத்து, அந்த வண்டியில் டிராலிகளைத் தூக்கி வாசலைத் தாண்டச் சொன்னேன். நாலில் ஒன்று பதிவில் விழவில்லை. மறுபடி போகச் சொன்னேன், மறுபடியும் ஒன்று விட்டுப்போனது. அதே டிராலிகளை அந்த டிரைவர் தான் வழக்கமாக ஓட்டும் வண்டியில் கொண்டுபோனால் எல்லாம் பதிவாகின. ஆக, கோளாறு மனிதரிடம் இல்லை, வண்டியில். ஆனால் இதே வண்டியை வைத்துத்தானே இரண்டு வாரம் சோதித்தேன், அப்போது கேட்டது இப்போது ஏன் கேட்கவில்லை? டிராலியை இறக்கிவிட்டு வெறும் வண்டியை மட்டும் வாசலில் நிறுத்தினேன். டேக்கே இல்லாத இடத்தில் ரிசீவருக்கு எவ்வளவு இரைச்சல் கேட்கிறது என்று லேப்டாப்பில் ஒரு கோடு ஓடும். இன்ஜினை அணைத்தால் கோடு தரையோடு கிடந்தது. இன்ஜினைப் போட்டதும் கன்னாபின்னாவென்று குதித்தது.

டீசல் இன்ஜினுக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்? ஒயர் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க வண்டிமேல் ஏறினேன். பிடிமானத்துக்குக் கூண்டைக் கெட்டியாகப் பிடித்தேன். லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க், கோடு குறைந்துவிட்டது என்றார். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று கையை எடுத்தேன். ஏறிவிட்டது என்றார். மறுபடி பிடித்தேன், குறைந்துவிட்டது என்றார். என் உள்ளங்கைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஜிகினா. அதைக் கட்டிய கம்பி முனை, இன்ஜின் அதிர்வில் கூண்டு இரும்பைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். எனக்குத் தெரியாதா? டேக் பேசுவதே அலையை விட்டு விட்டுத் திருப்பித்தான். இரும்பும் கம்பியும் தகடும் ஒன்றோடொன்று பட்டுப் பட்டு விலகினால் அதுவும் அலையை விட்டு விட்டுத்தான் திருப்பும். டேக் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுக்கும்போது, பக்கத்தில் இந்தச் சரம் ஆயிரம் வார்த்தை உளறிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய மந்தக் காதாக இருந்தால் எல்லா வண்டிக்கும்தான் விட்டுப்போயிருக்கும், யாரையும் தனியாகச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நான் காதைத் தீட்டித் தீட்டி மற்ற இரண்டு பேரின் பதிவையும் பளிங்காக்கினேன். அதனால்தான் இவர் ஒருத்தர் மட்டும் திருடனாகத் தெரிந்தார். அந்தச் சரத்தைக் கட்டிய கையும் என்னுடையது. பெருமை பேசிக்கொண்டே முறுக்கியிருந்தேன் பாருங்கள், அவிழ்க்கவே வரவில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போதே அழுதேன். வண்டியில் உட்கார்ந்திருந்த டிரைவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரத்தை எடுத்த பிறகு அந்த வண்டியை இருபது தடவை வாசலைத் தாண்டவைத்தேன். ஒன்று விடாமல் விழுந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன்னால் எச்.ஆர். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், என் நன்மைக்குத்தான் சொன்னார். தொழில்நுட்பக் கோளாறு என்று பொதுவாக எழுதிக்கொடு, யார் கட்டினது எவர் கட்டினது என்பதெல்லாம் எதற்கு, உன்னை நிரந்தரமாக்கும் கன்ஃபர்மேஷன் ஃபைல் மேஜையில் இருக்கிறது என்றார். அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டுவிடுவோம், விஷயம் முடிந்தது என்றார். நான் கட்டினேன் என்று எழுதாமல் விட முடியாது, அது இல்லாமல் ரிப்போர்ட் முழுசாகாது என்றேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இரைச்சல் எப்படி வந்தது, எந்த உலோகம் எதில் உரசியது, அதைக் கட்டியது யார், என் இரண்டாவது சோதனையில் அந்த வண்டியைச் சேர்க்காதது என் தவறு, எல்லாம் இருந்தது. அதைவிடச் சுத்தமான ரிப்போர்ட்டை நான் அதற்கு முன்பு எழுதியதில்லை.

விசாரணை அறைக்குள் அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேனேஜர் எழுந்து அவர் கையைப் பிடித்து, கருவியில்தான் கோளாறு, திங்கள்கிழமையிலிருந்து வரலாம், சஸ்பென்ஷன் நாளுக்கும் சம்பளம் உண்டு என்றார். அண்ணன் சரி என்றார். பிறகு மேஜைமேல் இருந்த என் ரிப்போர்ட்டைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது, தங்கச்சி படித்துச் சொல்லட்டும் என்றார்.

நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஜிகினாவைப் பற்றிச் சொன்னேன். நான்தான் கட்டினேன் என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டார். முடிந்ததா என்றார். முடிந்தது என்றேன்.

"நான் திருடலன்னு எங்க எழுதிகீது?"

நான் காகிதத்தைப் பார்த்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. ஒன்றரைப் பக்கத்தில் கம்பி இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது, நான்கூட இருக்கிறேன், அவர் இல்லை. அதுதான் அர்த்தம், கோளாறு என்றாலே நீங்கள் எடுக்கவில்லை என்றுதானே பொருள் என்று எச்.ஆர். அதிகாரி விளக்கினார். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர்டில் ஒட்டினபோது சுத்தி வளைத்தா எழுதினீர்கள், நேராகத்தானே எழுதினீர்கள் என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

நான் பேனாவை எடுத்தேன். ஆங்கிலத்துக்குக் கீழே, மீதி இருந்த அரைப் பக்கத்தில், தமிழில், கொட்டை எழுத்தில் அவர் பெயரையும் டோக்கன் நம்பரையும் எழுதினேன். இவர் திருடவில்லை. பதினோரு டிராலியையும் ஒழுங்காக லாரியில் ஏற்றினார். திருடியிருப்பார் என்று நானும் நினைத்தேன், அது தப்பு. கீழே கையெழுத்துப் போட்டேன். டெக்னிக்கல் ரிப்போர்ட்டில் இதெல்லாம் எழுதக் கூடாது, இது ஃபார்மேட்டில் இல்லை என்றார் எச்.ஆர். அதிகாரி. ஃபார்மேட்டில் இல்லையென்றால் ஃபார்மேட்டை மாற்றுங்கள் சார் என்றேன். மேனேஜர் காகிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, பக்கத்தில் தானும் கையெழுத்துப் போட்டு, போர்டில் ஒட்டச் சொன்னார்.

என் கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. போகட்டும், வாங்கிக்கொண்டேன்.

நானே போய் ஒட்டினேன். சஸ்பென்ஷன் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில். ஷிஃப்ட் மாறும் நேரம், உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் கூடிவிட்டார்கள். கேன்டீனில் டைல்ஸ் கதை சொன்னவரும் நின்றார். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். விரலை வைத்து, உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாக, தமிழில் இருந்ததை மட்டும் படித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. படித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து அதை ஒரு போட்டோ பிடித்தார். சரியாக விழுந்திருக்கிறதா என்று என்னிடம் நீட்டினார். கலங்கலாக விழுந்திருந்தது. நான் வாங்கி, இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அதை வீட்டில் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.